எஸ்தரின் மனைக்கு ஆன மூன்று வருஷம்

போன வாரம் பயிற்சி வகுப்பு முடியும் நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "மேடம், ஒரு சாதாரண வீட்டுக்குக் கட்டட அனுமதி கொடுக்க உண்மையில எத்தனை நாள் ஆகும்?" விதியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் 'உண்மையில' என்று ஒரு சொல் போட்டிருந்தார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மேடையில் நின்று சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். நீங்கள் எல்லாரும் இப்போதுதான் ஆய்வாளர்களாக வந்திருக்கிறீர்கள். நான் வரைவாளராகச் சேர்ந்து, நகரமைப்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். வேலை பார்த்ததெல்லாம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டிய ஊர்களில்தான். எந்த அலுவலகம் என்று குறிப்பிடவில்லை. நடந்தது என் மேஜையில். பெயர் வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பாலாறு எங்களுக்கு வருஷம் முழுக்க மணல்தான். பாலத்தில் போகும்போது யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி இருந்த ஆற்றில் ஒரு ஐப்பசியில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் வந்தது. ஏரிகள் நிறைந்தன. முப்பது வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காத வாய்க்கால்களில் எல்லாம் தண்ணீர் ஓடியது. அப்படி ஒரு வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீடு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கட்டியது. அதற்கு அனுமதி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தவள் நான். 'வாய்க்கால் பயன்பாட்டில் இல்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன். அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதரைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கச் சுவர் போய்விட்டது. அவர் இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தாண்டிப் போகும்போது, "நீங்கதானம்மா நல்ல எடம்னு சொன்னீங்க" என்றார். திட்டவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

அன்றைக்கு எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அதற்கு 'எச்சரிக்கை' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் எஸ்தர் வந்தாள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வரிசையில் வேலை. முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். கம்பெனி ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். முன்கையில் கறுப்பு நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. புருஷன் தேவராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிகொண்டா தாண்டி, மனைப்பிரிவு ஒன்றில் ஒரு சின்ன மனை வாங்கியிருந்தார்கள். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு அறை. இவ்வளவுதான் வரைபடத்தில் இருந்தது. அந்த அறையின் மேல், பொறியாளர் 'படுக்கை அறை' என்று அச்சடித்திருந்ததற்குப் பக்கத்தில், பேனாவால் 'ஜெனி' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"இது என்னம்மா?" என்றேன்.

"என் பொண்ணு மேடம். ஜெனிபர். அழிச்சிடட்டுமா?"

"வேணாம், பரவாயில்ல. என்ன படிக்கிறா?"

"நைன்த்து போறா. ஆரணி பக்கம் ஆஸ்டல்ல இருக்கா. நாங்க இருக்கிறது ஒரே ரூமு மேடம். நடுவுல பொடவ கட்டி, இந்தாண்ட நாங்க, அந்தாண்ட என் கொழுந்தனார் குடும்பம். பொண்ணு பெரிசாய்ட்டா. எங்க வெச்சிக்கிறது? அஞ்சாவதுலயே கொண்டுபோய் விட்டுட்டேன். வூடு கட்டினதும் கூட்டிட்டு வந்துடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "எத்தன நாள்ல கெடைக்கும் மேடம்?"

"ரெண்டு மாசத்துல வந்துடும்" என்றேன். பொய் சொல்லவில்லை. அன்று அப்படித்தான் நினைத்தேன்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். நில அளவைத் துறையின் புல வரைபடத்தில், அந்த மனைப்பிரிவின் கிழக்குக் கோடியை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் போனது. மனைப்பிரிவு வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஸ்தரின் மனை, வரிசையின் வலது ஓரத்தில் கடைசி மனை. வாய்க்கால் ஓரம். வெள்ளத்தில் மாடியிலிருந்து இறக்கிய அந்தப் பெரியவரின் குரல் கேட்டது.

நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், என் ஸ்கூட்டியில். மனைக்குப் பக்கத்தில் சீமைக் கருவேலம் மண்டிய ஒரு நீளமான பள்ளம் இருந்தது. வண்டியைவிட்டு இறங்காமலே 'இதுதான்' என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த மனையில் அப்போது ஆட்கள் இருந்தார்கள். எஸ்தரும் ஒரு பெண்ணும். பெண்ணுக்கு லீவு போலிருக்கிறது. தரையில் செங்கல்லை ஒற்றை வரிசையாக அடுக்கி வீட்டின் அளவைப் போட்டு வைத்திருந்தார்கள். கூடம், சமையலறை, அறை. வாசல் வரும் இடத்தில் மட்டும் இடைவெளி. அறைக்குள் ஒரு பாயை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கை கழுவ எழுந்தாள். செங்கல்லைத் தாண்டிப் போகாமல், சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக வெளியே வந்தாள். எஸ்தர் சிரித்துக்கொண்டே என்னமோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. என்னை அவர்கள் பார்க்கவும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் எழுதினேன்: 'மனு மனை, கிழக்குப் புறம் வாய்க்காலை ஒட்டி அமைந்துள்ளது. நீர்வளத் துறையின் கருத்துப் பெற்றபின் பரிசீலிக்கலாம்.'

இரண்டு வரி. ஒவ்வொரு எழுத்தும் விதிப்படி. அந்த இரண்டு வரியை நான் திரும்பப் படித்துப் பார்க்க மூன்று வருஷம் ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். நீர்வளத் துறைக்குக் கடிதம் போனது. அங்கிருந்து, வாய்க்காலின் அகலத்தை வட்டாட்சியர் அலுவலகம் சான்று அளிக்க வேண்டும் என்று பதில் வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதினோம். அங்கே நில அளவர் பணியிடம் காலி. ஆள் வந்தபோது, நாங்கள் அனுப்பிய நகல் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். ஒரு தேர்தல் வந்தது, ஓர் இடமாற்றம் வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எந்த அலுவலகத்திலும் எஸ்தரின் கோப்பு தூங்கவில்லை, எங்காவது போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனால் எல்லாரும் என் இரண்டு வரியைத்தான் படித்தார்கள். அதன் அடியில் இருந்த வரைபடத்தை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

எஸ்தர் மாதம் ஒரு தடவை வருவாள். கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வரவேண்டும். மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் போனில் பார்ப்பாளாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். ஒருநாள் அதைக் காட்டி, "மேடம், பரிசீலனைன்னா யாரோ பாத்துட்டிருக்காங்கன்னுதான அர்த்தம்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப சரி மேடம்" என்று சந்தோஷமாகப் போய்விட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு விடுதியில் பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். அதற்கு அடுத்த வாரம் எஸ்தர் வந்தால் பெண்ணைப் பற்றிப் பேசுவாள். முதல் வருஷம், "எப்பம்மா வூடுன்னு கேக்குறா மேடம். கொத்தனார் வந்துட்டாரான்னு கேக்குறா" என்றாள். இரண்டாவது வருஷம், "இப்பல்லாம் கேக்குறது இல்ல மேடம். படிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது பார்வையை மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டில் வைத்திருந்தாள். அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே கேட்டது. கேட்டும், அடுத்த கோப்பை எடுத்துவிட்டேன்.

சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தபோது ஓடி வந்தாள். நீங்கள் எல்லாரும் அந்த முறையில்தான் வேலை பழகியிருக்கிறீர்கள். விண்ணப்பதாரரே சான்று கொடுத்தால் கணினி அப்போதே அனுமதி கொடுத்துவிடுகிறது. "எங்க லைன்ல ஒரு பொண்ணுக்குக் காலைல போட்டு சாயந்தரம் வந்துடுச்சாம் மேடம். எனக்கும் அதுல போடலாமா?"

"உங்க மனைக்கு வாய்க்கால் ஆட்சேபணை இருக்கும்மா. அதுல போட முடியாது."

"அந்த ஆட்சேபண யார் போட்டது மேடம்?"

அவள் குற்றம் சாட்டவில்லை. யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான், "ஆபீஸ்ல போட்டதும்மா" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் வெட்கப்படும் சொற்கள் சில உண்டு. அவற்றில் முதலாவது அது.

மூன்றாவது வருஷம் நீர்வளத் துறையிலிருந்து பதில் வந்தே விட்டது. வாய்க்கால் கரையிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவு விட்டால் எஸ்தரின் மனையில் ஒரு அறைகூட நிற்காது. நிராகரிக்க வேண்டியதுதான். உத்தரவைத் தயார் செய்து வைத்துவிட்டு, தபாலில் போவதற்கு முன் நேரில் சொல்லிவிடலாம் என்று அவளை வரச் சொன்னேன். அந்த ஒன்றையாவது மரியாதையாகச் செய்வோம் என்று நினைத்தேன்.

வந்தாள். சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"காமிங்க மேடம்" என்றாள்.

"என்னம்மா?"

"எங்க வருதுன்னு காமிங்க. மூணு வருஷமா வாய்க்கா வாய்க்கான்னு சொல்றீங்க. நான் அத பாத்ததே இல்ல."

புல வரைபடத்தையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். விரலை வைத்துக் காட்டினேன். இது வாய்க்கால். இது உங்கள் மனை, வலது கோடி. அவள் குனிந்து பார்த்தாள். தையல் வரிசைப் பெண்கள் தோலைப் பார்க்கிற மாதிரி, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, விளிம்போடு விளிம்பாகப் பார்த்தாள்.

"இந்த அம்புக்குறி இன்னாத்துக்கு மேடம்?"

"அது வடக்கு திசை."

"இதுல மேல காட்டுது." விரலை நகர்த்தினாள். "இதுல கீழ காட்டுது."

நான் இரண்டு அம்புக்குறியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எங்ககிட்ட வர்ற பீசுல ஒரு நாச் வெட்டி அனுப்புவாங்க மேடம், ஓரத்துல, சின்னதா. அத பாத்துத்தான் இது லெஃப்ட்டு, இது ரைட்டுன்னு வெச்சித் தைப்போம். நாச் பாக்காம தைச்சா லாட்டு முழுக்க மாறிப்போய்டும். எனக்கே ஒருவாட்டி ஆச்சு." மனைப்பிரிவு வரைபடத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். "இப்டி வெக்கணுமா, இல்ல அப்டியேதான் வெக்கணுமா? தெரியாமத்தான் கேக்குறேன்."

அவள் திருப்பி வைத்ததும் அவளுடைய மனை இடது கோடிக்குப் போய்விட்டது. மேற்குக் கோடிக்கு. வாய்க்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வரிசை மனை முழுக்க இருந்தது.

மனைப்பிரிவு போட்டவர் சாலையை மேலே காட்ட வேண்டும் என்பதற்காக வடக்கைக் கீழே வைத்து வரைந்திருக்கிறார். அது தப்பில்லை. அதற்குத்தான் அம்புக்குறி. நான் வரைவாளராகச் சேர்ந்தவள் என்று முதலிலேயே சொன்னேன். வேலையில் முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்புக்குறியைப் பார் என்பதுதான்.

தண்ணீர் எடுத்துக் குடித்தேன். "எஸ்தர், நாளைக்கு நில அளவரோட நான் அங்க வர்றேன்" என்றேன்.

போய் அளந்தோம். கிழக்குக் கோடியில், முள்ளை வெட்டிப் பார்த்ததும் நில அளவைக் கல்லும் இருந்தது, வாய்க்காலும் இருந்தது. எஸ்தர் மனைக்குப் பக்கத்தில் நான் ஸ்கூட்டியிலிருந்து பார்த்த பள்ளம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். பத்தடி நடந்து எட்டிப் பார்த்திருந்தால் அது இரண்டு பக்கமும் மூடிய குழி என்று தெரிந்திருக்கும். தண்ணீர் வரவும் வழி இல்லை, போகவும் வழி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தடி.

இப்போது நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம்.

என் மேலதிகாரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மேடம், உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பத்து மாசம். ஃபைல்ல இத எழுதினா விளக்கம் கேட்டு உங்களுக்குக் குறிப்பாணை வரும். அது நிலுவைல இருக்கும்போது ரிட்டயர்மென்ட் வந்தா பென்ஷன் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அந்தம்மாகிட்ட வாபஸ் லெட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. பழச மூடிடலாம். புதுசா சுயசான்றுல போடட்டும். யாருக்கும் பேஜார் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் எஸ்தருக்கு நஷ்டம் இருந்ததா? பெரிதாக இல்லை. ஒரு மாதம் கூடலாம், குறையலாம். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டால், மூன்று வருஷம் அந்த அம்மா தானாகவே விண்ணப்பித்து, தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான் கோப்பில் நிற்கும். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கடிதத்தை டைப் செய்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். என் பென்ஷனை நினைத்துக்கொண்டு, நானே உட்கார்ந்து டைப் செய்தேன்.

எஸ்தர் வந்ததும் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "இதுல ஒரு கையெழுத்துப் போடணும்" என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"எங்க போடணும் மேடம்?"

தன்னை மூன்று வருஷம் அலையவிட்ட ஒருத்தி நீட்டும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். வீடு கிடைக்கும் என்றால் எதில் வேண்டுமானாலும் போடுவாள். வாய்க்கால் ஓரத்துப் பெரியவரின் முகத்தைப் பார்த்ததுபோல் இந்த முகத்தையும் நான் மீதி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. காகிதத்தை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. இது தப்பான பேப்பர்" என்றேன். பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "அந்த ஆட்சேபணையப் போட்டது நான்தான் எஸ்தர். ஆபீஸ் இல்ல. நான் வரைபடத்தத் தப்பா வெச்சிப் பாத்துட்டேன்."

பேனாவுக்கு மூடியைப் போட்டாள்.

"நீங்களா மேடம்?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கே கோப்பில் எழுதினேன்: 'முதற்குறிப்பில் மனையின் திசையை நான் தவறாகக் கொண்டுள்ளேன். மனைக்கும் வாய்க்காலுக்கும் தொடர்பில்லை. தாமதத்துக்கு மனுதாரர் பொறுப்பல்ல.' கடைசி வரி விதியில் எங்கும் கேட்கப்படாதது. இருந்தாலும் எழுதினேன்.

பதினாறாம் நாள் அனுமதி வந்தது. எனக்குக் குறிப்பாணையும் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்னால் கண்டனத்தோடு அதை முடித்தார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என் பணிப்பதிவேட்டில் விழுந்த ஒரே கறுப்புப் புள்ளி. அது அங்கே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. சரியான இடத்தில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு கோப்பு உங்களைப் பயமுறுத்தினால், அன்றைக்கே இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். கருத்துக் கேட்டு எழுதுவது நல்ல வழக்கம்தான். ஆனால் கருத்துக் கேட்பதற்கு முன், கேட்க வேண்டிய தேவை நிஜமாகவே இருக்கிறதா, இல்லை பயத்தை இன்னொரு மேஜைக்குத் தள்ளிவிடுகிறோமா என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் எழுதிய குறிப்பை நம்பாதீர்கள், அது உங்கள் கையெழுத்தாகவே இருந்தாலும். எதிரே நிற்கிறவர் 'யார் போட்டது' என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். நான் எஸ்தருக்கு அந்தப் பெயரை அன்றே சொல்லியிருந்தால், அவள் அன்றே 'காமிங்க' என்று கேட்டிருப்பாள்.

வீடு எழும்பியது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எஸ்தரும் தேவராஜும் என் வீட்டுக்கே வந்தார்கள். புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூப்பிட வந்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எந்த முகத்தோடு உள்ளே வாருங்கள் என்று சொல்வது? எஸ்தர்தான் சொன்னாள். "வரணும் மேடம். நீங்க எழுதிக் குடுத்ததாலதான இந்த வூடு."

"நான் எழுதினதாலதான் லேட்டும் ஆச்சு எஸ்தர்."

"அதுவுந்தான்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனாலும் பத்திரிகையை என் கையில் கொடுத்தாள்.

போனேன். வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல். கம்பெனிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பாஸ்டர் ஒவ்வோர் அறையாக ஜெபம் பண்ணினார். பிரியாணி போட்டார்கள். மதியத்துக்கு மேல் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். தேவராஜ் வாடகைப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார். எஸ்தர் என்னை விடவில்லை. "இருங்க மேடம், டீ போடுறேன்" என்று உட்கார வைத்தாள்.

ஜெனிபர் இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். செங்கல் வரிசையைச் சுற்றி நடந்த பெண் இவள்தான் என்று சொன்னால்தான் தெரியும். பன்னிரண்டாவது முடித்து, கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் விடுதிதான். ஜெபத்துக்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவளுடைய அறையை எஸ்தர் எனக்குக் காட்டினாள். ஒரு கட்டில், சுவரில் கண்ணாடி, புத்தகம் வைக்க இரண்டு தட்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் படிக்கிற மாதிரி ஒரு குட்டை மேஜை. எப்போதோ வாங்கி யார் வீட்டிலோ போட்டு வைத்திருந்தார்களாம். ஜெனிபர் அதன்முன் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். கட்டிலின் ஓரத்தில், விருந்துக்கு வந்தவள்போல், கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் பை ஜிப் திறக்காமல் அப்படியே கதவோரம் இருந்தது.

நாங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஜெனிபர் தன் அறையின் வாசல்படி வரை வந்து நின்றாள்.

"அம்மா, தண்ணி குடிச்சிக்கட்டுமா?"

எஸ்தர் பெரிதாகச் சிரித்தாள். "இன்னாடி இது, என்னாண்ட கேக்குற? போய் எடுத்துக் குடி."

அவளும் சிரித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "டம்ளர் எங்கம்மா இருக்கு?" என்றாள். எஸ்தர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

டீ வந்தது. வெயில் அறை ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே புழுக்கமாக இருந்திருக்க வேண்டும். ஜெனிபர் மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றாள்.

"அம்மா, ஃபேன் போட்டுக்கலாமா?"

இந்தத் தடவை எஸ்தர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்துபோய், அவளே சுவிட்சைப் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே, பெண்ணுக்குப் பக்கத்தில், சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இல்லை.

"புதன்கெழமதான் மேடம் கெளம்புறா" என்றாள். "இன்னும் மூணு நாள் இருப்பா. அதுக்குள்ள பழகிடும்."